பம்பரின் முதுகைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா விட்டுச்சென்ற 1966 ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் வண்டி, துணிக்கூரை மடக்கும் இருவர் கார். கோயில் வாசலில் நிறுத்தியிருந்தபோது, பின்னோக்கி வந்த ஒரு பக்கியின், அதாவது சிறு சரக்கு வண்டியின், டவ்பார் எனும் இழுவைக்கம்பியின் உருண்டை முன் பம்பரில் இடித்துவிட்டது. நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் தள்ளிப் பம்பர் உள்ளே வாங்கியிருக்கிறது. பம்பரின்மேல் செங்குத்தாக நிற்கும் காப்புத்துண்டான ஓவர்ரைடரில் வலதுபக்கத்தது கிரில்லைத் தொட்டு நிற்கிறது. வலது முனை வெளியே பிதுங்கி, ஃபெண்டரின் பெயின்ட்டைச் சுரண்டியிருக்கிறது. வண்டித் தகடு நிமிர்த்தும் பேனல் பீட்டர் ஒருவர், "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்கிறாராம். இன்னொருவர், "காரில் இருக்கும்போதே சங்கிலி போட்டு இழுத்து நிமிர்த்தித் தருகிறேன்" என்கிறாராம். யார் பேச்சைக் கேட்பது என்பது தம்பியின் கேள்வி. கூடவே, நண்பர் ஒருவரின் ரப்பர் பம்பர் எம்ஜிபியைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறார்.

தம்பி, இருவர் பேச்சையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். முதலாமவர் பம்பரின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். இரண்டாமவர் சொன்னபடி செய்தால், இன்று பம்பரோடு நிற்கும் சேதம் நாளை வண்டியின் உடம்புக்குப் போய்விடும். பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டுகள் எம்ஜிபியில் சட்டத்தின் முன்முனையில்தான் போல்ட் போட்டு நிற்கின்றன. அந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு அது. பம்பரைச் சங்கிலியால் இழுத்தால் முதலில் எது விட்டுக்கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பம்பர் நிமிர்வதற்கு முன்பே பிராக்கெட் கோணிக்கொள்ளலாம், சட்டமுனையின் துளை நீண்டுவிடலாம். ஆகவே பம்பரைக் கழற்றாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நேராக, இரு பக்கங்களிலிருந்தும், தரையோடு படுத்துக் கீழிருந்தும் எடுக்க வேண்டும். காப்பீட்டுக்கும் உதவும், பிறகு பொருத்தும்போது எந்த வாஷர் எங்கே இருந்தது என்பதற்கும் உதவும். பக்கிக்காரரின் விவரங்களை வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம் தென்னாப்பிரிக்காவில் சாலை விபத்து நிதி ஆட்களின் காயத்துக்கு மட்டும்தான் இழப்பீடு தரும், தகரத்துக்குத் தராது. எதிராளியிடம் காப்பீடு இல்லை, பணம் தரவும் மறுக்கிறார் என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 2019 முதல் 20,000 ராண்ட் வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே எடுத்துச் சொல்லலாம். எழுத்துபூர்வமான இரண்டு மதிப்பீடுகளை வாங்கி வையுங்கள். உங்கள் காப்பீட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய காருக்கு ஒப்புக்கொண்ட மதிப்பு என்று ஒரு தொகை எழுதப்பட்டிருக்க வேண்டும். சந்தை மதிப்பு என்று மட்டும் இருந்தால் அடுத்த புதுப்பித்தலில் மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து பானெட்டைப் பாருங்கள். மூடிய பானெட்டுக்கும் இரு ஃபெண்டர்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி முன்னிருந்து பின்வரை ஒரே சீராக இருக்கிறதா? வலப்பக்கத்தில் முன்னால் நெருங்கி, பின்னால் அகன்றிருந்தால் அடி பம்பரோடு நிற்கவில்லை என்று பொருள். அந்த ஆண்டு எம்ஜிபியில் பானெட் அலுமினியம். அதை அழுத்தி மூடிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், விரலின் கனத்துக்கே ஒடுக்கு விழும். இடைவெளி சீராக இருந்தால் நிம்மதி. டவ்பார் உருண்டை மெதுவாக இடித்த இடியில் பெரும்பாலும் பம்பரும் பிராக்கெட்டும் வளைவதோடு முடிந்துவிடும்.

இப்போது கழற்றலாம். போல்ட்டுகள் எல்லாம் அங்குல அளவு, யுஎன்எஃப் எனும் நுண்மரை. அரை அங்குல ஸ்பேனரும் 9/16 அங்குல ஸ்பேனரும் கையில் இருக்கட்டும். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் உட்காருவதுபோல் தெரியும். ஆனால் அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர்தான். துருப்பிடித்த நட்டில் அந்த மயிரிழை வித்தியாசமே மூலைகளை வழித்துவிடப் போதும். 14 மில்லிமீட்டர் ஸ்பேனரோ 9/16 நட்டில் நுழையவே நுழையாது. ஊடுருவும் எண்ணெயை முதல் நாள் மாலையிலேயே ஊற்றிவிடுங்கள், மறுநாள் காலையில் இன்னொரு முறை ஊற்றுங்கள். டர்பன் காற்றில் அறுபது வருடம் நின்ற போல்ட் சுலபமாக வராது. வராத நட்டை இரும்பறுக்கும் வாளால் அறுத்துவிடுவதே மேல். மல்லுக்கட்டினால் சட்டமுனையின் பிடிமானம் பிய்ந்து வரும். எதையும் பற்றவைக்கவோ அறுப்புச்சக்கரம் வைக்கவோ நேர்ந்தால் பாட்டரி இணைப்பைப் பிரித்துவிடுங்கள். அந்தக் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் இரண்டு 6 வோல்ட் பாட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். 1967-க்கு முந்தைய வண்டி என்பதால் யாரும் மாற்றியிருக்காவிட்டால் நேர்முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். திரும்ப இணைக்கும்போது பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

கழற்றிய பம்பரை ஒரு பழைய கம்பளியின் மேல் குப்புறப் போடுங்கள். முடிவு எடுக்க வேண்டியது இங்கேதான். முதுகுப்பக்கத்தைக் கம்பித்தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். முன்பக்கத்தில் எவ்வளவு நிக்கல் படிந்திருக்கிறதோ அதில் சிறு பங்குதான் பின்பக்கத்துக் குழிவில் படிந்திருக்கும். முலாம் தொட்டியில் மின்னோட்டம் விளிம்பையும் மேட்டையும்தான் தேடிப் போகும், பள்ளத்துக்குள் அவ்வளவாக நுழையாது. அதனால் பம்பர் எப்போதும் பின்னாலிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும். முகம் பளபளவென்றிருக்கும்போதே முதுகில் தகடு உதிர்ந்துகொண்டிருக்கும். கடலோரக் காரில் இது இன்னும் அதிகம். டர்பன் கடலோரத்துப் பிளஃப்பில் நின்ற காரின் பம்பரையும், உள்நாட்டுக் கரூ பக்கத்து வறண்ட காற்றில் நின்ற காரின் பம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆலையில் செய்தவை என்று நம்ப முடியாது.

துரு மேலோட்டமாக, செந்நிறப் பொடியாக மட்டும் இருந்தால் அது வாழத் தகுந்த பம்பர். ஒரு கூரான குத்தூசியை எடுத்து, முனைகளின் மடிப்பிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினாலோ, தகடு அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தாலோ அதற்குமேல் அந்த இரும்பில் செலவழிப்பது வீண். முலாம் போடுபவர் அமிலத்தில் இறக்கியதும் பொத்தல்தான் மிஞ்சும். இன்னொன்றையும் பாருங்கள்: இடிபட்ட இடத்தில் கிழிசல் இருக்கிறதா, அல்லது வெறும் மடிப்பா? மடிப்பு மட்டும் என்றால் நிமிர்த்தலாம். சிறு கிழிசல் இருந்தால் பற்றவைத்து நிமிர்த்தலாம். மடிப்பின் முதுகில் தகடு நீண்டு, காகிதம்போல மெலிந்து, குறுக்கே கிழிந்திருந்தால் வேறு பம்பர் தேட வேண்டியதுதான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மடிப்பு என்றுதான் தோன்றுகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதை நிமிர்த்தவே பார்ப்பேன்.

அதற்குக் காரணம் வெறும் பற்று அல்ல. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான கார். உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. நம் நாட்டில் கேப்டவுன் அருகே பிளாக்ஹீத் ஆலையில் பாகங்களாக வந்து பூட்டப்பட்ட வண்டிகளும் உண்டு. புதுப் பம்பர் வாங்குவதில் சிரமம் கிடையாது, அதைப் பொருத்துவதில்தான் இருக்கிறது. மறுதயாரிப்புப் பம்பர்களில் பல மெல்லிய தகட்டில் அச்சடிக்கப்பட்டவை. வளைவு ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும். நடுவைப் பிடித்துப் பூட்டினால் முனைகள் ஃபெண்டரிலிருந்து இடப்பக்கம் ஒரு விரற்கடையும் வலப்பக்கம் இரண்டு விரற்கடையுமாக விலகி நிற்கும். அதைச் சரிசெய்யப் புது குரோமின் மேல் கைவைத்து நெம்பினால் முலாம் வெடிக்கும். பழைய பம்பரோ அந்த உடம்போடு அறுபது ஆண்டு குடும்பம் நடத்தியது. நிமிர்த்திவிட்டால் தன் இடத்தில் தானே போய் உட்காரும்.

துருப்பிடிக்காத எஃகில் செய்த பம்பர்களும் இப்போது கிடைக்கின்றன. துருத் தொல்லை அறவே இல்லை, அதுவும் கடற்காற்றில் பெரிய வரம். ஆனால் நிறம் வேறு. குரோமில் நீலம் கலந்த குளிர்ந்த பளபளப்பு இருக்கும், துருப்பிடிக்காத எஃகில் சற்றே மஞ்சளோடிய வெண்மை தெரியும். கிரில்லும் விளக்கு வளையமும் குரோமாக இருக்க, நடுவில் பம்பர் மட்டும் எஃகாக இருந்தால் வெயிலில் கண்டிப்பாகத் தெரியும். முன்னும் பின்னும் சேர்த்து மாற்றினால் கண் பழகிவிடும், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் விலைப்பட்டியலில் உள்ள தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பம்பர் நீளமான பொருள். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் எடையாகக் கொண்டு, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவார்கள். 155 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம் உள்ள பெட்டி என்றால் 27 கிலோவுக்குச் சற்று மேலான எடைக்குக் கட்டணம். உள்ளே இருக்கும் பம்பர் அதில் பாதி எடைகூட இராது. பிறகு சுங்கம். 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியைச் சாமானின் விலை மேல் மட்டும் போடமாட்டார்கள். சுங்க மதிப்போடு அதில் 10 சதவீதத்தைக் கூட்டி, சுங்கத்தீர்வையையும் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல் போடுவார்கள். தீர்வையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 10,000 ராண்ட் சாமானுக்கு 11,000-இன் மேல் 15 சதவீதம், அதாவது 1,650 ராண்ட் வரி. பிரிட்டனோடு 2021 முதல் நடைமுறையில் இருக்கும் வணிக ஒப்பந்தத்தின் சலுகை, பிரிட்டனில் உற்பத்தியானது என்று சான்று உள்ள சாமானுக்குத்தான். தைவானில் செய்து லண்டன் கடை வழியாக வரும் பம்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. விற்பவரிடம் "எங்கே செய்தது?" என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

"இங்கிலாந்தில் நல்ல பழைய பம்பர் ஒன்று மலிவாக வருகிறது" என்று யாராவது ஆசை காட்டினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பயன்படுத்திய பொருள்களை நம் நாட்டுக்குள் கொண்டுவர ஐடேக் எனப்படும் பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி முன்கூட்டியே வேண்டும். சரக்கு துறைமுகத்தில் இறங்கிய பிறகு ஓடினால், பம்பரின் விலையைவிடக் கிடங்கு வாடகை அதிகமாகிவிடும். பழைய பம்பர்தான் வேண்டும் என்றால் உள்நாட்டிலேயே தேடுங்கள். கடற்கரையிலிருந்து தள்ளிய ஊர்களில், கௌடெங் பக்கமும் கரூ பக்கமும், வறண்ட காற்றில் கிடந்த நல்ல இரும்பு இன்னும் இருக்கிறது. பீட்டர்மரிட்ஸ்பர்க் கார்ஸ் இன் தி பார்க் கண்காட்சியில் நான்கு எம்ஜிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், யார் கராஜில் எது தூங்குகிறது என்று தெரிந்துவிடும். குரோம் உரிந்திருந்தாலும் பரவாயில்லை, நேராகவும் துளையில்லாமலும் இருந்தால் போதும்.

நிமிர்த்தும் வேலைக்கு வருகிறேன். முதலில் ஒரு பெரிய அட்டை எடுங்கள், குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை போதும். அடிபடாத இடப்பக்கத்தை அதன்மேல் கிடத்தி வெளிவிளிம்பைக் கூரிய பென்சிலால் வரைந்து வெட்டுங்கள். மேலிருந்து பார்க்கும் வளைவுக்கு ஒன்று, முகத்தின் குறுக்குவெட்டுக்கு மூன்று நான்கு இடங்களில் சின்னச் சின்னதாக ஒவ்வொன்று. வெட்டிய அட்டையைத் திருப்பிப் போட்டால் அதுவே வலப்பக்கத்துக்கு அளவு. எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே வேலை மிச்சம். கணினியும் லேசரும் வைத்திருப்பவர்கள் வைத்திருக்கட்டும், இந்த வேலைக்கு அட்டை பொய் சொல்லாது.

அடி விழுந்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் அதை எடுக்க வேண்டும் என்பது பேனல் பீட்டர்களின் பாலபாடம். உங்கள் பம்பரில் முதலில் உருண்டை பட்டு நடுப்பகுதி உள்ளே போனது. அதன் விளைவாகக் கடைசியில் முனை வெளியே வந்தது. ஆகவே முதலில் முனையின் வளைவைத் தணிக்க வேண்டும், பிறகு நீண்ட வளைவை, கடைசியில்தான் உருண்டை பதித்த குழியை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் கண்ணுக்கு உறுத்தும் குழியைத்தான் முதலில் சுத்தியலால் தட்டுவார்கள். குழி மேடாகும், வளைவோ அப்படியே இருக்கும், நடுவில் தகடு நீண்டுபோகும். நீண்ட தகட்டைச் சுருக்குவது நீட்டியதைவிடப் பத்து மடங்கு கஷ்டம்.

பெரிய வளைவுக்குச் சுத்தியலே வேண்டாம். பம்பரின் முகப்பக்க வளைவுக்கு ஏற்ப கடினமரத்தில் இரண்டு கட்டைகளைச் செதுக்கிக்கொள்ளுங்கள். பம்பர் குப்புற அவற்றின்மேல் உட்கார, முதுகுப்பக்கத்தில் நடுவில் கைஹைட்ராலிக் ஜாக்கால் மெல்ல அழுத்தம் கொடுக்க வேண்டும். எஃகு கொஞ்சம் திரும்ப எழும்பும் என்பதால் வேண்டிய அளவைச் சற்றே தாண்டி அழுத்தி, விட்டு, அட்டையை வைத்துப் பார்த்து, மறுபடி அழுத்த வேண்டும். அவசரப்படாத கைக்கு இது ஒரு மதிய வேலை. நெருப்புக் காட்டிச் சிவக்க வைத்து வளைப்பவரிடம் கொடுக்காதீர்கள். சூடு பட்ட இடம் மட்டும் இளகி, மடிப்பு பக்கத்துக்கு நகரும். நிமிர்ந்ததுபோல் தெரிந்த பம்பர் முலாம் ஏறியதும் அலையலையாக நெளியும். நீண்ட வளைவு நேரான பிறகு குழிக்கு வாருங்கள். பின்னாலிருந்து டாலி எனும் தாங்கு இரும்பு, முன்னால் தட்டையான முகமுள்ள சுத்தியல், குழியின் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கிச் சுற்றிச் சுற்றி. கடைசியில் நீண்ட அரம் ஒன்றை லேசாக ஓட்டினால் மேடு பளிச்சென்று தெரியும், பள்ளம் கறுப்பாக நிற்கும்.

பழைய முலாம் மேலே இருக்கும்போதே சுத்தியல் வேலை செய்யலாமா என்ற கேள்வி வரும். பெரிய வளைவை ஜாக்கால் எடுப்பது முலாமோடு செய்யலாம். சுத்தியல் வேலைக்கு முன் முலாமை உரித்துவிட வேண்டும். நிக்கல் சில்லுகள் தெறித்துக் கண்ணில் பாயும், சுத்தியல் முகத்திலும் பதிந்து அடுத்த அடியில் புது வடு போடும். ஆகவே முலாம் பட்டறைக்கு இரண்டு தடவை போக வேண்டியிருக்கும்: ஒருமுறை உரிக்க, இன்னொரு முறை பூச. சில பட்டறைகள் நிமிர்த்துவதையும் தாங்களே செய்கின்றன. அப்படிச் செய்தால் நல்லது, ஒரு நிபந்தனையோடு. அதை அடுத்து சொல்கிறேன், இந்தப் பதிலில் எனக்கு முக்கியமானது அதுதான்.

முலாம் ஏறுவதற்கு முன் பம்பரைக் காரில் பூட்டிப் பார்க்க வேண்டும். வெறும் இரும்பாக, பிராக்கெட், ஓவர்ரைடர், எண்பலகை எல்லாம் சேர்த்து முழுசாகப் பூட்ட வேண்டும். பிராக்கெட்டுகளை இடதும் வலதும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, கோணியதை மாற்றிவிட்டுப் பூட்டுங்கள். நீங்கள் கேட்ட பம்பர் விஷயத்தில் பாதிக்குப் பாதி பிராக்கெட்தான். கோணிய பிராக்கெட்டில் நேரான பம்பரை மாட்டினால் அதுவும் கோணலாகத்தான் நிற்கும். பிறகு பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். பம்பரின் மேல்விளிம்பு கிரில்லின் அடிவிளிம்புக்கு இணையாக ஓடுகிறதா, இரு முனைகளும் ஃபெண்டரிலிருந்து சமதூரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இப்போது சரியில்லை என்றால் நெம்பலாம், தட்டலாம், துளையை அரத்தால் ராவலாம். குரோம் ஏறிய பிறகு இதில் எதுவும் செய்ய முடியாது. குரோம் பளிங்குபோல் கடினமானது, வளையாது, வெடிக்கும். இவ்வளவு செலவழித்த பிறகு கோணலான பளபளப்போடு வாழ வேண்டியிருக்கும்.

முலாம் போடுபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. "நல்லா பளபளன்னு வருமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். எதுவும் ஒரு வாரம் பளபளக்கும். கேட்க வேண்டியது நிக்கலைப் பற்றி. நாம் குரோம் என்று சொல்லும் பளபளப்பில் குரோமின் பங்கு மேல்துண்டு அளவுதான், மானத்தைக் காக்கும் வேட்டி நிக்கல். குரோம் அடுக்கு ஒரு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், பாதிகூட இராது, அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் நிறைய. இரும்பைத் துருவிலிருந்து காப்பது அதன் அடியிலிருக்கும் நிக்கல். வெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் பம்பருக்கு அது 20 முதல் 30 மைக்ரான் வரை வேண்டும். அதிலும் கந்தகம் இல்லாத பாதிப்பளபளப்பு நிக்கல் கீழே, முழுப்பளபளப்பு நிக்கல் மேலே என்று இரண்டு அடுக்காகப் போட்டால் துரு உள்ளே குடையாமல் பக்கவாட்டில் பரவி நேரம் கடத்தும். கார் ஆலைகள் கண்டுபிடித்த தந்திரம் அது. "இரட்டை நிக்கலா? எவ்வளவு மைக்ரான்?" என்று கேளுங்கள். பதில் சொல்பவர் தொழில் தெரிந்தவர். "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்பவரிடமிருந்து பம்பரை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நிக்கலுக்கு அடியில் செம்பு. துருக்குழிகளை நிரப்புவது செம்பின் வேலை. இரும்பின்மேல் நேரடியாக அமிலச் செம்பு பிடிக்காது. முதலில் காரத் தொட்டியில் மெல்லிய அடுக்கு ஒன்று, அதன்மேல் அமிலத் தொட்டியில் கனமான செம்பு, அதைத் தேய்த்துச் சமப்படுத்தி, குழி தெரிந்தால் மறுபடி செம்பு. நல்ல பட்டறையில் கூலியின் பெரும்பகுதி இந்தத் தேய்ப்புக்குத்தான் போகிறது. பம்பர் செம்பு நிலையில் இருக்கும்போது ஒருமுறை போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆரஞ்சு நிறத்தில், மெருகேறி, குழல்விளக்கின் நிழல் அதன்மேல் உடையாமல் நேர்க்கோடாக ஓடினால் வேலை முடிந்ததென்று வையுங்கள். விளக்கின் கோடு ஓரிடத்தில் நெளிந்தால், அதே நெளிவு குரோமில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

புட்டி எனப்படும் நிரப்புப்பசையைப் பம்பரில் யாரும் வைக்க விடாதீர்கள். மின்சாரம் கடத்தாத பொருளில் முலாம் ஏறாது, அமிலத்தில் புட்டி உதிர்ந்தும் போகும். கிழிசல் இருந்தால் டிக் எனும் மின்வில் பற்றவைப்பு முறையில் இரும்பாலேயே பற்றவைத்து ராவ வேண்டும்.

எல்லாத் துண்டுகளையும் ஒரே தடவையில் கொடுங்கள். பம்பர், இரண்டு ஓவர்ரைடர்கள், வெளியே தெரியும் போல்ட் தலைகள். குரோம் தொட்டியில் இரண்டு வகை உண்டு: ஆறிணைதிறக் குரோமியத் தொட்டியில் வந்தது நீலம் பாரித்திருக்கும், மூவிணைதிறத் தொட்டியில் வந்தது சற்றுக் கருமையாக இருக்கும். கலந்து வந்தால் வண்டியின் முகம் ஒட்டுப்போட்டதுபோல் ஆகிவிடும். பம்பரின் முதுகில் ஆணியச்சால் உங்கள் எழுத்து ஒன்றைப் பதித்துக் கொடுப்பதும் நல்லது. பட்டறையில் ஒரே மாதிரி பம்பர் நான்கு கிடக்கும், உங்களுடைய நல்ல இரும்பு யாருக்கோ போய் யாருடைய மெல்லிய தகடோ உங்களிடம் வந்தால் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

இணையத்தில் தொட்டியும் ரசாயனமும் வாங்கி வீட்டிலேயே முலாம் போடலாம் என்று காட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் தரும் பொருள். நம் டர்பனின் மியர்பேங்க் மக்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கிருந்த பழைய குரோமிய ரசாயன ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்தும், குடியிருப்புக்கு அடியில் நிலத்தடி நீரில் அந்த நஞ்சு கண்டறியப்பட்டது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. கழிவை முறையாகச் சுத்திகரிக்கும் பட்டறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. தெளிப்பானில் அடிக்கும் "குரோம் பெயின்ட்" பற்றியும் கேட்பீர்கள். படம் எடுக்க அழகாக இருக்கும், இரண்டு கோடை வெயிலுக்குத் தாங்காது.

முலாம் முடிந்து வந்ததும் நேரே காரில் மாட்டத் துடிக்காதீர்கள். முதுகுப்பக்கம் இன்னும் ஏழைதான். அதை நன்றாகத் துடைத்து, எபாக்ஸி அடிப்பூச்சும் அதன்மேல் வெள்ளி பெயின்ட்டும் அடித்து, மாட்டிய பிறகு மடிப்புகளுக்குள் மெழுகு தெளியுங்கள். ஓவர்ரைடருக்கும் பம்பருக்கும் நடுவில் வரும் ரப்பர் வரிப்பட்டை சிறிய சாமான், அதை மறக்காமல் புதிதாகப் போடுங்கள். அது இல்லாமல் குரோமும் குரோமும் உரசினால் அந்த இடத்திலிருந்துதான் துரு தொடங்கும். எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் திருகி, நடுவைச் சரிபார்த்து, முனைகளைச் சரிபார்த்து, பிறகு இடம் வலம் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஃபெண்டரில் சுரண்டிய பெயின்ட்டைப் பம்பர் மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுவது உத்தமம்.

வண்டி சரியானதும் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுவீர்கள், போட வேண்டியதுதான். எலுமிச்சைச் சாறு குரோமில் தெறித்தால் அங்கேயே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சாறு காய்ந்து கிடந்தால் அந்த நுண்வெடிப்புகள் வழியாக நிக்கலை அரிக்கும். கடற்கரைச் சாலையில் ஓட்டிய நாளில் பம்பரை முன்னும் பின்னும் நல்ல தண்ணீரால் அலசுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும்.

இனி உங்கள் நண்பரின் ரப்பர் பம்பர். பெயர்தான் ரப்பர், உள்ளே எஃகுச் சட்டம், மேலே பாலியூரிதேன். மெதுவான மோதலில் வண்டிக்குச் சேதம் வரக் கூடாது என்று அமெரிக்கா 1970-களின் முற்பாதியில் விதி கொண்டுவந்ததால், 1974 இறுதியிலிருந்து எம்ஜிபிக்கு வந்தது. கூடவே வண்டியின் உயரத்தையும் ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள், ஓட்டம் கெட்டது. அதைக் கழற்றிவிட்டுக் குரோம் பம்பர் மாட்டிவிடலாமா என்கிறார். போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை அது. முன்னால் சட்டமுனையின் பிடிமானம், ஃபெண்டரின் கீழ்ப்பகுதி, பம்பருக்கடித் தகடு எல்லாம் வேறு. வெட்டி ஒட்ட வேண்டும், உயரத்தையும் இறக்க வேண்டும். உடல் வேலைக்காக வண்டியை எப்படியும் பிரிக்கப் போகிறார் என்றால் யோசிக்கலாம். வெறும் நிறம் மங்கியதுதான் குறை என்றால், சோப்புத் தண்ணீரால் நன்றாகத் தேய்த்துக் காயவிட்டு, வளையும் பரப்புக்கான கலவை சேர்த்த கறுப்பு பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். சாதாரண பெயின்ட் அடித்தால் முதல் வெயிலிலேயே வெடித்துச் செதிலாக உரியும். வெட்டுக்காயம் இருந்தால் பாலியூரிதேனுக்கென்றே விற்கும் இரண்டு பகுதிப் பசையைப் பின்னாலிருந்து வலைத்துணியோடு வைத்து ஒட்டலாம். உள்ளே உள்ள எஃகுச் சட்டம் துருப்பிடித்துப் போல்ட் பிடிமானம் போயிருந்தால் மட்டும் வேறு பம்பர் தேடட்டும்.

உங்கள் பம்பரின் முதுகுப் படத்தையும், வலது முனை மடிப்பின் கிட்டத்துப் படத்தையும், இரு பிராக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்த படத்தையும் அனுப்புங்கள். கிழிசல் இருக்கிறதா என்பதை அதில் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை புதுப் பம்பருக்குப் பணம் கட்ட வேண்டாம்.